முதலில் எழுந்தவள்

எங்கள் ஊர் மருதவனேசுவரர் கோயிலுக்கு நீங்கள் வந்தால், கொடிமரம் தாண்டி, நந்தி தாண்டி, மகாமண்டபத்தில் கால் வைத்ததும் தரைக்கல் இரண்டு இடங்களில் எதிரெதிராகக் குழிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஒவ்வோர் இடத்திலும் முழங்கால் பதிந்த பள்ளம் இரண்டு, நெற்றி பதிந்த பள்ளம் ஒன்று. மழைக்காலத்தில் கூரை ஒழுகினால் அவற்றில் தண்ணீர் நிற்கும், குருவி வந்து குடிக்கும். கிழக்குப் பக்கத்துப் பள்ளங்களில் ஆழம் குறைவு. அவை என்னுடையவை. ஆழம் குறைந்துபோனதில் எனக்கு ரொம்ப நாள் வருத்தம் இருந்தது.

என் பெயர் சாந்தாமணி. எட்டாம் வகுப்புவரை படித்தேன். மாவு மில் வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரு மகனையும் ஒரு மகளையும் வளர்த்து ஆளாக்கி, இருவருக்கும் கல்யாணமாகி, வீட்டில் சத்தம் குறைந்துபோன ஒரு காலத்தில் பதிகம் பாட ஆரம்பித்தேன். குரல் நன்றாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், அப்புறம் தெருவில் சொன்னார்கள், அப்புறம் செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி ஆனது. முதலில் அக்கா என்றார்கள், பிறகு அம்மா என்றார்கள், பிறகு குருவம்மா என்றார்கள். "அப்படியெல்லாம் கூப்பிடாதீங்க கண்ணு, நான் வெறும் அடியேன்" என்று நான் சொல்வேன். அதை எந்தக் குரலில் சொன்னால் அடுத்த வாரமும் அப்படியே கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் கூட்டத்து வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சிவனடியார் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தால் சிவாயநம என்று சொல்லிக் காலில் விழுவார். அந்த இன்னொருவர் சும்மா நிற்கக் கூடாது, நின்றால் அந்த வணக்கத்தைத் தனக்கென்று வாங்கிக்கொண்டதாகிவிடும், ஆகவே அவரும் விழுவார். வயசு கிடையாது, சாதி கிடையாது, பணக்காரன் ஏழை கிடையாது, தாலுகா ஆபீஸ் அதிகாரி பூக்காரர் காலில் விழுவார், பூக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதிகாரி காலில் விழுவார், இருவரும் ஒன்றாக எழுந்து சிரித்துக்கொண்டு போவார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் ஒன்றாக எழ வேண்டும். ஒருவர் முன்னால் எழுந்துவிட்டால், மற்றவர் கீழே கிடக்க இவர் மேலே நிற்பதாக ஆகிவிடும். சாதாரண ஜனங்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை, முழங்கால் வலித்தால் எழுந்துவிடுவார்கள். சொல்லிக்கொடுக்கிற நாங்கள்தான் பார்ப்போம்.

அங்கயற்செல்வி அம்மாவுக்குக் கரூர்ப் பக்கம். வீட்டுக்காரர் இல்லை, பிள்ளையும் இல்லை. வேனில் ஊர் ஊராகப் போய்ப் பதிகம் ஓதுவித்துக்கொண்டிருந்தார். கழுத்தில் ஒற்றை உருத்திராட்சம் மட்டும் போட்டிருப்பார். அவரைப் பார்க்கும்வரை நான் பெரிய மாலையாகப் போட்டிருந்தேன், பார்த்த மறுநாள் கழற்றிவிட்டு நானும் ஒற்றைக்கு மாறினேன். அன்னதானம் முடிந்ததும் எச்சில் இலையை அவரே எடுப்பார். அதைக் கேள்விப்பட்டு நானும் எடுக்க ஆரம்பித்தேன். அவர் இலை எடுக்கிற வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது; நான் எத்தனையோ விசேஷத்தில் எத்தனையோ இலை எடுத்தும், போனை வெளியே எடுக்க எங்கள் பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

ஒரு மார்கழியில் எங்கள் கோயிலில் முற்றோதல் வைத்தார்கள். பதிகங்கள் முழுவதையும் காலையில் தொடங்கிப் பொழுது சாய்வதற்குள் ஓதி முடிப்பது. தர்மகர்த்தா சென்னியப்பன் நல்ல மனுஷர், விவரம் தெரியாதவர், ஆகவே தலைமை தாங்க எங்கள் இருவரையும் கூப்பிட்டுவிட்டார். மண்டபத்தில் போட்டிருந்தது ஒரே ஒரு மணைப்பலகை.

"நீங்க உக்காருங்கம்மா," என்றேன் நான்.

"உங்க ஊருங்க, நீங்க உக்காருங்க," என்றார் அங்கயற்செல்வி அம்மா.

"நான் தூசுங்க."

"நான் அந்தத் தூசு உக்கார்ற தரைங்க."

"அப்பன்னா ரெண்டு பேரும் கீழயே உக்காந்துக்குங்க, பலகைய எடுத்தர்றேன்," என்றார் சென்னியப்பன். நாங்கள் இருவரும் அவரை ஒரே மாதிரி பார்த்தோம். அவர் பலகையைத் தொடாமல் போய்விட்டார்.

நான் சட்டென்று முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைத்தேன். முதலில் விழுந்தது நான்தான், அதை இப்போதும் சொல்லிக்கொள்வேன். எதிரே அவரும் விழுந்தது காதில் விழுந்தது. அவர் எழுவார் என்று நான் காத்திருந்தேன், நான் எழுவேன் என்று அவர் காத்திருந்தார். பெண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நேரமாகிறதே என்று எங்களைச் சுற்றி உட்கார்ந்து ஓத ஆரம்பித்து, ஓதி முடித்து, தீபாராதனை பார்த்து, எங்களுக்கு ஒரு தொன்னைச் சர்க்கரைப் பொங்கலைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் குருக்கள் வந்து நடை திறந்தபோதும் நாங்கள் அப்படியே இருந்தோம். பொங்கலை எறும்பு தூக்கிப் போயிருந்தது.

பசிக்கவில்லை. தாகமில்லை. கால் மரத்துப்போகவில்லை. எங்கள் ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை. சாமி காரியத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, நாங்கள் கிடப்பதால் நடைமுறையில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். பிரதோஷத்தன்று சாமி புறப்பாடு எங்களைத் தாண்டிப் போக முடியாது என்பதால் தெற்கு வாசல் வழியாகச் சுற்றிப் போனது. தெற்குத் தெருக்காரர்கள் தங்கள் வாசலுக்கு முதல்முறையாகச் சாமி வந்ததென்று பந்தல் போட்டார்கள். கூட்டிப் பெருக்குகிற சரசு எங்களைச் சுற்றிக் கோலம் போட்டாள், முதலில் புள்ளிக்கோலம், அப்புறம் எங்களுக்காகவே வளைந்து வளைந்து போகிற ஒரு புதுக் கோலம். மாரப்பன் டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பக்கத்தார் எங்கள் குருவம்மாதான் கடைசிவரை எழமாட்டார் என்றார்கள், கரூர் வேனில் வந்தவர்கள் எங்கள் அம்மாவுக்கு எழுவதென்றால் என்னவென்றே தெரியாது என்றார்கள். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த ஜோடிகள் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் செவ்வாய்க்கிழமை வகுப்பு மண்டபத்துக்கே வந்துவிட்டது; நான் தரையைப் பார்த்துப் பாட, பெண்கள் காதைத் தரையில் வைத்துக் கேட்டார்கள்; தரை வழியாகக் கேட்டால் குரல் இன்னும் கனிவாக இருக்கிறது என்று சொன்னார்கள். கோயில் வாசலில் எங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் வைத்திருப்பதாகவும், அதில் 'பணிவின் சிகரங்களே வருக' என்று எழுதியிருப்பதாகவும் சொன்னார்கள். நாங்கள் எங்கேயும் போகவில்லையே, எதற்கு வருக என்று நினைத்தேன். அடுத்ததாக, அதில் என் படம் இடப்பக்கமா வலப்பக்கமா, அவருடையதைவிடச் சின்னதா என்று நினைத்தேன்.

கனம் எப்போது ஏற ஆரம்பித்தது என்று சொல்லத் தெரியவில்லை. யாராவது பக்கத்தில் வந்து "என்னா பணிவு பாரு" என்று சொன்னால், முதுகில் ஒரு படி அரிசியை மெதுவாக வைத்தது போல இருக்கும். அருள் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் நாலு பேர் சொன்னால் நன்றாக இருக்குமே என்றும் நினைத்துக்கொண்டேன். சொன்னார்கள். திருப்பூரிலிருந்து என் மகன் நவநீதன் கூட்டாளிகளோடு வந்து என்னை அலாக்காகத் தூக்கிவிடலாம் என்று பார்த்தபோது என் விரல் நுனிகூட அசையவில்லை. எங்கள் மில்லிலிருந்து பாரம் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டி இழுத்தார்கள். உத்தரம் முனகியது. "அப்பா, இழுத்தா உத்தரந்தான் வரும், அம்மா வரமாட்டாங்க," என்று சொல்லிவிட்டு அவன் செயினைக் கழற்றினான். சுற்றி நின்றவர்கள், பணிவென்றால் லேசா, எத்தனை கனம் பார்த்தாயா என்று மெச்சினார்கள். முழங்காலுக்கு அடியில் கல் மெல்ல உள்வாங்கியது.

என் வீட்டுக்காரர் சாயங்காலம் மில்லைச் சாத்திவிட்டு, தலையெல்லாம் மாவோடு வந்து தூணில் சாய்ந்து உட்காருவார்.

"ஏ சாந்தா, மொளகாப்பொடி எந்த டப்பாவுல இருக்குது?"

"நீல மூடிங்க. மேல் தட்டுல."

"அது மல்லிப்பொடியில்ல? நேத்துப் போட்டுப் பாத்துட்டேன்."

"அப்பன்னா அதுக்குப் பொறத்தால இருக்குங்க."

பிறகு மெதுவாகக் கேட்பார், "எப்பத்தான் எந்திரிப்பே?"

"அவங்க எந்திரிச்ச ஒடனே எந்திரிச்சுக்கறனுங்க."

அவர் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, அந்தப் பக்கம் போவார். "ஏனுங்கம்மா, நீங்க எப்ப எந்திரிக்கறதா உத்தேசம்?"

"உங்க சம்சாரம் எந்திரிக்கட்டுங்கய்யா. அவங்களுக்கு முன்னால எந்திரிக்க நான் எம்மாத்திரம்?"

"ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்," என்று சொல்லிவிட்டு அவர் இரவுச் சமையலுக்குப் போவார்.

இதில் என் நெஞ்சைப் பிடித்து இழுத்தது ஒன்றே ஒன்று. என் மகள் யமுனா மாசமாக இருந்தாள். தலைப்பிரசவம், தாய்வீட்டுக்கு வர வேண்டியவள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கி, எத்தனையோ சன்னதியில் நான் மடியேந்தி நின்று, வந்த கர்ப்பம். தரையோடு தரையாகக் கிடந்த எனக்கு மனுஷர்களைப் பாதத்தில்தான் அடையாளம். யமுனாவின் பாதத்தை அவள் வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வரும்போது கணுக்கால் எலும்பு தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. அப்புறம் செருப்பு வார் பதிந்த தடம் வீக்கத்தில் பள்ளமாக நின்றது. வளைகாப்பைக்கூட அம்மா இருக்கிற இடத்தில் வைக்கலாம் என்று மண்டபத்திலேயே வைத்தார்கள்; வளையல் குலுங்குகிற சத்தம் கேட்டது, பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது, நலுங்கு வைத்த மஞ்சள் அவள் பாதத்தில் சொட்டியிருந்தது தெரிந்தது, முகம் தெரியவில்லை. வளையல் போடுகிற முறை எனக்கு வந்தபோது அவள் குனிய முடியாமல் குனிந்து, என் கைக்குப் பக்கத்தில் தன் கையைத் தரையில் வைத்தாள். நான் விரலை அசைக்கப் பார்த்தேன். வரவில்லை.

"பரவால்லம்மா," என்றாள்.

அன்றைக்குத்தான் எதிரே கிடந்தவரிடம் வாயைத் திறந்தேன். இருவர் நெற்றிக்கும் நடுவில் ஒரு முழம் கூட இருக்காது.

"செல்வியம்மா, நீங்க எந்திரிச்சிருங்களே. எம் புள்ளைக்குப் பிரசவம் வருது."

"தெரியுதுங்க. காலு வீங்கியிருக்கறது எனக்குந்தான் தெரியுது. நீங்க எந்திரிச்சுப் போங்க."

"நான் எந்திரிச்சா நீங்க கீழ, நான் மேலன்னு ஆயிருமுங்களே."

"நான் எந்திரிச்சா உங்களுக்கும் அப்படித்தானே ஆகும். அந்தப் பாவம் எனக்கெதுக்குங்க?"

"ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிக்கலாமுங்களா?"

"எந்திரிக்கலாம். நீங்க மூணு எண்ணுங்க."

நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். அவர் எழட்டும், பின்னாலேயே எழலாம் என்று நான் இருந்தேன். அவரும் அப்படியே இருந்தார். மூன்று என்ற சொல் அந்த ஒரு முழ இடத்தில் நின்றுகொண்டே இருந்தது.

"நல்ல பணிவுங்க உங்களுக்கு," என்றார் அவர். ஒரு படி அரிசி ஏறியது.

"உங்களுக்குத்தானுங்க," என்றேன். அவருக்கும் ஏறியிருக்கும்.

பங்குனிக் கடைசியில், உச்சிக்கால பூஜை முடிந்து கூட்டம் பிரசாதத்துக்கு நிற்கிற நேரத்தில், யமுனா வந்தாள். பாதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கால் தரையில் ஊன்றி, மறு கால் விரல்கள் மடங்கி, அப்படியே நின்று, பிறகு மெல்ல அடுத்த அடி. அவள் பின்னால் மாப்பிள்ளையின் பாதம், என் வீட்டுக்காரர் பாதம்.

"வலி வந்திருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போறோம். கார் வெளிய நிக்குது. நீ வா."

என் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. "அவங்க எந்திரிச்ச ஒடனே அம்மா வந்தர்றங் கண்ணு."

அவள் வலி ஒன்று வந்து போகும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஆரம்பித்தாள். என் மகள் எனக்குப் பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினவள் இல்லை. நான் பேச விட்டதில்லை.

"ஊருல எல்லாருக்கும் நீ பணிவு. எனக்கு மட்டுந்தான் உன்னையத் தெரியும். பிரசாதத்துக்கு வரிசையில கடைசியா நிப்பே. நின்னுட்டு, கடைசியா நிக்கறத யாராச்சும் பாத்தாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாப்பே."

"இப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா," என்றது ஒரு பெண் குரல், என் மாணவி. "அம்மா எவ்வளவு பெரியவங்க."

"பெரியவங்கதான். என் கல்யாணத்துல முகூர்த்தம் முடிஞ்சு ஒரு பதிகம் பாடறேன்னு மைக்கப் புடிச்சாங்க. பந்தியில சோறு ஆறிப்போச்சு. மாப்பள வீட்டுச் சனம் எல பாத்துட்டு ஒக்காந்திருந்துச்சு. அப்பா போய் ஒயரப் புடுங்குனாரு."

"கரண்டு போச்சுன்னல்ல சொன்னாங்க," என்றேன் நான் தரையைப் பார்த்து.

"நான்தான் புடுங்குனேன்," என்றார் என் வீட்டுக்காரர். "சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

முதுகிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது.

யமுனா நிறுத்தவில்லை. வகுப்பில் சின்னப் பதிகத்தையெல்லாம் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நீளமான பதிகம் அடியேன் பாவத்துக்கு நானே பாடிக்கொள்கிறேன் என்று நான் வைத்துக்கொள்வதைச் சொன்னாள். வீட்டில் யாராவது என் ரசத்தில் உப்பில்லை என்றால், எல்லாம் என் குறைதான், நான் ஒன்றுக்கும் ஆகாதவள் என்று நான் சொல்கிற விதத்தில் மூன்று நாளைக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று சொன்னாள். எச்சில் இலை எடுப்பதற்காகவே நான் ஒரு நல்ல சேலை வைத்திருப்பதைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படி அரிசி இறங்கியது. நடுவில் ஒரு வலி வந்தது, தூணைப் பிடித்துக்கொண்டாள், வலி போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அந்தச் சேலை விஷயம் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சைக் கரை போட்ட சேலை அது. எச்சில் இலைக்கு எடுப்பாக இருக்கும் என்று கடையில் நின்று யோசித்து எடுத்த சேலை. முற்றோதலன்று கட்டிவந்ததும் அதைத்தான். நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டு சிரித்தால் சிரிப்பு தரைக்குள் போய்த் திரும்பி வருகிறது. நான் சிரிக்கச் சிரிக்க என் நெற்றி கல்லைவிட்டுப் பிரிந்தது, அப்புறம் கை பிரிந்தது, அப்புறம் முழங்கால். இத்தனை மாசத்தில் முதல்முறையாக என் மகள் முகத்தைப் பார்த்தேன். வியர்த்து, மூக்கு விடைத்து, கோபமாக, அவ்வளவு அழகாக இருந்தாள்.

"போலாம் வா," என்றேன்.

மண்டபத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எங்கள் பக்கத்தார் தலையில் கை வைத்தார்கள். கரூர் வேன்காரர்கள் வாசலில் வெடி வைத்தார்கள். நாங்கள் காரில் ஏறும்போது என் மாணவிகளில் ஒருத்தி, கொஞ்சம் பொறுத்திருக்கலாமே அம்மா என்றாள். குறை சொல்ல முடியாது, டீக்கடையில் அவள் என் பேரில் ரொம்பப் பேசியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்து, "யாரும்மா நீ, ஓரமா நில்லு, வழிய மறைக்காத," என்றாள். என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்தது. சாயங்காலம் பேத்தி பிறந்தாள். யமுனா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நான் எழுந்துவிட்டதால் அங்கயற்செல்வி அம்மாவும் எழலாம் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். ஆனால் அதற்குள் ஜெயித்துவிட்டாரே. மூன்று மாவட்டத்துக் கூட்டமும் வந்து, பணிவில் இவரை மிஞ்ச ஆளில்லை என்று மாலை போட்டுப் போட்டு, தரையில் அவர் நெற்றி புருவம்வரை இறங்கிவிட்டது. நான் பார்க்கப் போனபோது பூக்குவியலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"சாந்தாம்மா, என்ன கொழந்தை?"

"பொம்பளப் புள்ளைங்க."

"நல்லாருக்கட்டும்." பிறகு, "கழுத்து வலிக்குதுங்க. எனக்கு வந்து திட்டறதுக்கு ஒரு மக இல்ல. நீங்களாச்சும் என்னயக் கொஞ்சம் திட்டுங்களேன்."

எனக்கு மனசு கலங்கிவிட்டது. மாலைகளை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து திட்ட ஆரம்பித்தேன். செல்வியம்மா, உங்களுக்கு மேல்சுருதி எட்டாது, எட்டாத இடத்தில் கண்ணை மூடி உருகிவிடுகிறீர்கள், என்றேன். அந்த வீடியோவில் ஒரே இலையை இரண்டு தடவை எடுத்தீர்கள், நான் கவனித்தேன், என்றேன். அவர் தோள் லேசாக அசைந்தது. அதற்குள் சுற்றி நின்றவர்கள், எதிரியையும் காப்பாற்ற வந்திருக்கிறாரே, தோற்றும் என்ன பெரிய மனசு பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் இனிப்பாக விழுந்தது. எழலாம் என்று பார்த்தால் என் முழங்கால் தரையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. என் வீட்டுக்காரர், "ஏ சாந்தா, பால் பொங்கி வழியுது, அடுப்ப அணைக்காம வந்துட்டே," என்று வாசலிலிருந்து எல்லார் காதிலும் விழும்படி சத்தம் போட்டதால் தப்பித்தேன். அடுப்பை நான் நிஜமாகவே அணைத்திருக்கவில்லை. அதற்கப்புறம் செல்வியம்மாவைத் திட்டப் போகவில்லை. எனக்குத் திட்டக்கூடத் தகுதியில்லை என்று வீட்டில் சொன்னபோது, யமுனா தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "இப்ப அதுவும் ஒரு பெருமையா?" என்றாள்.

தீட்டுக் கழிந்ததும் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். எங்கள் ஊரில் பிறந்த குழந்தையை முதலில் சாமிக்கு முன்னால் வெறும் தரையில் கிடத்தி, உன் பிள்ளை என்று சொல்லி எடுப்பது வழக்கம். சன்னதிக்கு நேரே இருக்கிற இடம்தான் அங்கயற்செல்வி அம்மா கிடந்த இடம். குருக்கள் தீபாராதனைக்கு மணி அடித்தார்; யமுனா குழந்தையைச் சேலைத் தலைப்பிலிருந்து எடுத்து, கல்லில் இருந்த கொஞ்சம் இடத்தில் மெதுவாகக் கிடத்தினாள். கல் சில்லென்று இருந்திருக்கும். குழந்தை முகம் சுருங்கியது, கை இரண்டும் விரிந்தன, வாய் கோணியது, வலது காலை மடக்கி, அழுத்தி, நீட்டி ஓர் உதை விட்டாள். அது போய் அங்கயற்செல்வி அம்மாவின் உச்சந்தலையில் பட்டது.

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மணிச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை இன்னும் ஒன்று உதைத்தாள், இந்தத் தடவை அவர் வகிட்டில். பெரியவர், மூன்று மாவட்டத்துக்குக் குரு, மாலை மலையாகக் குவிந்தவர் என்பதெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும்? காலுக்கு எட்டியது ஒரு தலை, அவ்வளவுதான்.

பூக்குவியல் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது?" என்று தரைக்குள்ளிருந்து கேட்டார்.

"எம் பேத்திங்க."

"நல்லா ஒதைக்கறா."

அப்படியே மாலையெல்லாம் சரிய, முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒரு சாதாரண வயசான பொம்பளை எழுந்திருப்பது போல "அம்மாடி" என்று சொல்லி எழுந்தார். நெற்றியில் கல்லின் சொரசொரப்பு பதிந்திருந்தது. கீழே கிடந்த குழந்தையைப் பார்த்தார். உலகத்தில் எத்தனையோ குருமார்கள் சீடர் தலையில் பாதம் வைத்துத் தீட்சை தந்திருப்பார்கள், இவ்வளவு சின்னப் பாதம் யாருக்கும் கிடைத்திருக்காது என்று சொல்லி, அந்தக் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழந்தை அதற்கும் ஓர் உதை விட்டாள்.

சென்னியப்பன் அதற்கப்புறம் மண்டபத்துத் தூணில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: அடியார்கள் ஒருவர் காலில் ஒருவர் விழ வேண்டாம், கைகூப்பினால் போதும், இப்படிக்கு நிர்வாகம். முற்றோதலுக்கு இப்போது மணை போடுவதில்லை, எல்லாருக்கும் ஜமுக்காளம். அங்கயற்செல்வி அம்மா மாசத்துக்கு ஒருமுறை வேனில் வந்து இறங்கி, நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி குடித்துவிட்டு, என் பாட்டில் உள்ள குறையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறார். நானும் அவர் மேல்சுருதியைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் நன்றாக நடமாடுகிறோம்.

ஒன்றே ஒன்றுதான் எனக்குக் குறை. அவருக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. என் மகள் பெற்ற பிள்ளை, நான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, நான் சாம்பிராணி போட்டு வளர்க்கிற பிள்ளை, ஊரார் தலையில் உதைத்தாள், என் தலையில் ஒருநாள்கூட உதைக்கவில்லை. மத்தியானம் யமுனா தூங்குகிற நேரத்தில் பாயில் அவள் பக்கத்தில் குப்புறப் படுத்து, தலையை அந்தப் பாதத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு, உதை தங்கம், அம்மாயியை ஒண்ணே ஒண்ணு உதை என்று கேட்டுப் பார்க்கிறேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு அந்தக் காலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, பெருவிரலைத் தன் வாயிலேயே வைத்துச் சப்பிக்கொள்கிறாள்.